தாய்வீட்டுத் தண்ணீர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நெற்றியில் கை வைக்காமல், அதன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்க்கிறார்கள். தலை நனைந்து தாடியில் சொட்டிக்கொண்டு நிற்கிறவன், ஃபோனைப் பார்த்துவிட்டு மழை இன்னும் வரவில்லை என்கிறான். சோறு வெந்ததை அடுப்பு சொல்ல வேண்டும். மாடு சினைப்பட்டதை அதன் காதில் மாட்டிய வில்லை சொல்ல வேண்டும். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இதெல்லாம் எனக்குப் புரியாது என்று வீட்டில் சொல்கிறார்கள். புரியாதுதான். புரிந்தாலும் நம்ப மாட்டேன்.

எங்கள் ஊர் கோரைத்தாங்கல். ஊருக்குக் கிழக்கே இருந்த சதுப்புக்கும் அதே பெயர். நாங்கள் தாங்கல் என்போம். பெரிய ஆழம் கிடையாது. மழைக்காலத்தில் மார்பளவு, கோடையில் முழங்காலளவு. நடுவில் கருவேல மரங்களும் கடம்பும் தண்ணீரிலேயே நிற்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் எங்கிருந்தோ வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். ஊரில் அவற்றைப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்பார்கள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அந்த மாதங்களில் தாங்கல் கரையில் மேளம் அடிக்க மாட்டோம், சண்டை போட்டால்கூட ஊருக்குள் வந்துதான் போடுவோம்.

மாசி பங்குனியில் தண்ணீர் வற்றி மரத்தடியில் தரை தெரிந்துவிட்டால் தொல்லை. நரியும் நாயும் காட்டுப்பூனையும் காலை நனைக்காமல் நடந்தே மரத்துக்கு வந்துவிடும். அதனால் குஞ்சு பறக்கும்வரை மரத்தடி காயக் கூடாது. வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவோம். குடத்தில், தகர டின்னில், இப்போது டிராக்டர் தொட்டியில். அதற்குப் பெயர் தாய்வீட்டுத் தண்ணீர். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்குத் தண்ணீர் கிடையாது என்று எந்த வீட்டில் சொல்வார்கள்?

அந்தத் தாங்கலுக்கு அடியில்தான், பனைக்கு மேல் பனை வைத்த ஆழத்தில், நிலக்கரி இருந்தது.

கம்பெனி வந்தபோது நாங்கள் வழக்குப் போட்டோம். பக்கத்து வட்டத்தில் ஒரு ஏரியின் அடியில் தோண்டி, மேலே தரை தொய்ந்து, வெடிப்பு விழுந்து, ஒரே கோடையில் ஏரி காணாமல் போயிருந்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கம்பெனி ஆபீசர், சோதனைக்குத் தோண்டியதில் தாங்கல் தண்ணீர் குறையவில்லை என்று பொய் சொன்னான். எங்கள் ஊர்த் தலைவர் குறைந்துவிட்டது என்று காலையில் சொல்லிவிட்டு, மத்தியானம் அதே ஆபீசரோடு பிரியாணி சாப்பிட்டார். கடைசியில் எங்கள் வக்கீல்தான் கேட்டார், மனிதன் பேச்சே வேண்டாம், தாங்கலே சொல்லட்டும் என்று. கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. அப்படி வந்ததுதான் அந்த யந்திரம். ஊரில் அதற்குக் கேட்பான் என்று பெயர் வைத்தார்கள்.

பார்க்க ஒன்றுமில்லை. விரல் தடிமனில் கறுப்புக் குச்சிகள், தாங்கல் முழுக்கச் சேற்றில் ஊன்றியிருந்தார்கள். நுனி மட்டும் வெளியே தெரியும், தும்பி வந்து உட்காரும். கரையில் ஒரு கம்பத்தில் விளக்கு. கொண்டுவந்து வைத்தவள் ரெஜினா என்று தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்பெனிக்காரி இல்லை, கோர்ட்டு வைத்த ஆள். நான் எருமைகளை ஓட்டிக்கொண்டு போகும்போது நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"தவள, மீனு, நண்டு, நார, எல்லாம் போடுற சத்தத்த இது கேட்டுக்கிட்டே இருக்கும் பெரியவரே. முதல் வருசம் கேட்டுப் பழகும். அதுக்கப்புறம் தாங்கலுக்கு உடம்பு சரியில்லன்னா அதுக்குத் தெரிஞ்சிரும். சிவப்பு விளக்கு எரியும். அந்த நிமிசமே கீழ தோண்டுற யந்திரம் நின்னு, தோண்டின குழியில சாம்பலக் கரச்சு ஊத்தி அடச்சிரும். பச்ச எரிஞ்சா தோண்டும். நான் சொன்னாலும் நிக்காது, முதலாளி சொன்னாலும் ஓடாது."

"கம்பெனி காசுல வாங்குன காதுதான? கம்பெனிக்குப் புடிச்சதுதான் கேக்கும்" என்றேன்.

அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற என் தங்கை மகன் குணாளன் அவளைவிட அதிகம் சிரித்தான். "மேடம், எங்க மாமா தாலி கட்டுனதுக்கே ஐயருகிட்ட ரசீது கேட்ட ஆளு" என்றான்.

குணாளன் என் தங்கை அஞ்சலாட்சிக்கு ஒரே பிள்ளை. அவள் புருஷன் இவன் தவழும்போதே போய்விட்டான். கீழே தோண்டுவது யந்திரம்தான், ஆனால் அதற்குப் பல் தேயும், தேய்ந்த பல்லை மாற்ற மனிதன் இறங்க வேண்டும். குணாளனுக்கு அந்த வேலை. ஊரில் சிலர் வழக்குப் போட்டவர்கள் வீட்டுப் பிள்ளையே கம்பெனிக்குப் போகிறானே என்று பேசினார்கள். அஞ்சலாட்சி அவர்கள் வீட்டு வாசலுக்கே போய், உன் மகனுக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாம் வருடம் ஆடியில் மழையே இல்லை. தாங்கல் வற்றியது. பறவைகள் போய்விட்டிருந்த காலம், அதனால் யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. ஒரு நாள் காலை விளக்கு சிவப்பானது. காலுக்கு அடியில் எந்நேரமும் இருந்த அதிர்வு நின்றது. ஊரே கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. மழை பெய்து, தவளை கத்திய பிறகுதான் பச்சை வந்தது. பார்த்தீர்களா என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நம்ப வைப்பதற்கு ஆடிய நாடகம் என்று சொன்னேன். இன்றைக்கும் அப்படி இல்லை என்று யாரும் எனக்கு நிரூபித்துக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் தாங்கலைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தார்கள். பச்சை எரிந்தால் திரும்பிப் படுத்தார்கள். தண்ணீர் ஊற்றும் முறை மட்டும் நிற்கவில்லை.

நான்காம் வருடம் தை முடியும்போதே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அந்த வருடம் கூடுகள் அதிகம். ஒரே மரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. வழக்கத்துக்கு முன்னாலேயே ஊற்ற ஆரம்பித்தோம். கிணறுகள் எல்லாம் கீழே போய்விட்டன. ஆனால் கம்பெனி சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் ஒரு வாய்க்காலில் எந்நேரமும் ஓடியது. அதில் மொண்டோம். ஊற்ற ஊற்ற இறங்கியது. முன்பு ஒரு வீட்டு முறை ஒரு நாள் தாங்கும். இப்போது மூன்று வீடு சேர்ந்து ஊற்றினாலும் சாயங்காலம் மரத்தின் வேர் தெரிந்தது. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஞ்சலாட்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குணாளன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அம்மா, இந்த வருசம் தண்ணி ஊத்த வாணாம்."

அவள் காதில் விழாத மாதிரி எனக்கு ரசம் ஊற்றினாள்.

"கீழ கூரையிலேருந்து சொட்டுதும்மா. முன்ன சொட்டுனா கறுப்பா இருக்கும். இப்ப சேத்து வாசன அடிக்குது. நேத்து தோள்மேல என்னமோ வுழுந்துச்சின்னு தொட்டுப் பாத்தன். நத்த. கடுகு மாதிரி சின்ன நத்த."

ஆபீசில் சொல்வதுதானே என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனா மாமா? நாலு பேரு எழுதிக் குடுத்தோம். ரெஜினா மேடமும் எழுதிட்டாங்க. மனுசன் சொன்னா செல்லாது. நாமதான கோர்ட்டுல அப்படிக் கேட்டு வாங்குனோம்? கேட்பான் பச்ச காட்டுறான், அவ்வளவுதான். அவன் ஏன் பச்ச காட்டுறான்? நாம ஊத்துறோம். மீனு உசுரோட இருக்கு, தவள கத்துது, குஞ்சு கத்துது. அவனுக்குத் தாங்கல் நல்லாருக்கு." அம்மா பக்கம் திரும்பினான். "வாய்க்கா தண்ணி எங்கேருந்து வருது? நாங்க கீழேருந்து எறைக்கிறதுதான? நீ ஊத்துற தண்ணிதாம்மா எந்தலமேல சொட்டுது. அதையே மேல அனுப்புறன், அதையே நீ மறுபடி ஊத்துற."

வேலைக்குப் போகாதே என்றாள் அஞ்சலாட்சி. அவன் போகாவிட்டால் வேறொருத்தன் போவான், அவனுக்கும் அம்மா இருக்கிறாள் என்றான். கொஞ்ச நாள் ஊற்றாமல் காய விட்டால் சிவப்பு விழும், யந்திரம் நிற்கும், குழியை அடைத்துவிடும். தாங்கல் பிழைக்கும் என்றான்.

"குஞ்சுங்க?"

"இந்த வருசக் குஞ்சு போவும்மா. அடுத்த வருசம் வரும்."

அவள் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"பெத்துப் படுத்திருக்கிறவகிட்டப் போயி, இந்த வருசம் ஒம்புள்ள சாவட்டும், அடுத்த வருசம் வா, நல்லாப் பாத்துக்குறன்னு எந்த வாயால சொல்லுவன்? ஒன்னப் பெத்துப் படுத்திருந்தப்ப எனக்கு யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?"

அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். அவள் அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. இலையில் அவன் வைத்துவிட்டுப் போன சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அய்யனார் கோயில் வாசலில் ஊர் கூடியது. குணாளன் எல்லாவற்றையும் சொன்னான். யாரும் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. ஊற்றுவதை நிறுத்தலாம் என்று இளவட்டங்கள் சிலர் சொன்னார்கள். ஒரு பெண், நேற்றுத்தான் எங்கள் முறையில் ஊற்றினேன், மேலே இருந்து அதுகள் எட்டிப் பார்த்தன என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நிறுத்தலாம் என்றவர்கள் குரல் தாழ்ந்துவிட்டது. காய விட்டால் யந்திரம் நிற்கும் என்பதையும் நான் நம்பவில்லை, ஊற்றிக்கொண்டே போனால் கீழே கூரை உடையும் என்பதையும் நம்பவில்லை. அதைச் சொன்னேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

முடிவில் ஒரு நடுவழி எடுத்தார்கள். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான். அவை பறக்கும்வரை ஊற்றுவது, பறந்த அன்றே நிறுத்திவிடுவது. அடுத்த வருடம் தாங்கலைக் காய விட்டு யந்திரத்தை நிறுத்திக்கொள்ளலாம். கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் தூக்கினார்கள். குணாளனும் தூக்கினான். அவன் ஏன் தூக்கினான் என்று நான் கேட்கவில்லை. அவனும் அந்த ஊரில் பிறந்தவன்.

பாதிக்கு மேல் குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை, அஞ்சலாட்சி வீட்டு முறை. குணாளன் விடிந்ததும் வேலைக்குப் போயிருந்தான். வெயில் ஏறியிருந்தது. நான் எருமைகளோடு கரையில் நின்றேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டியிலிருந்து பிடித்துக் கடம்ப மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. முதலில் பெரிய பறவைகள் எல்லாம் ஒரே தடவையில் எழுந்தன. குஞ்சுகள் கூட்டிலேயே நின்று கத்தின. அப்புறம் தண்ணீர் நடுவில் தொப்புள் மாதிரிக் குழிந்தது. அது சுற்ற ஆரம்பித்தது. கோரைப்புல் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்ந்தது. வா, வெளியே வா என்று நான் கத்தினேன். அஞ்சலாட்சி கரைக்கு வரவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு, குழிந்த இடத்தை நோக்கி ஓடினாள். அடியில் அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். டிராக்டர்காரன் பாய்ந்து போய் அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

கம்பத்தில் விளக்கு அப்போதும் பச்சை. தாங்கலில் சேறு மட்டும் மிஞ்சி, மீன்கள் துள்ளி ஓய்ந்த பிறகுதான் சிவப்பு வந்தது. கீழே யந்திரம் அந்த நிமிடமே நின்றதாம். சொன்னபடி, குழியைச் சாம்பலால் தானே அடைக்கவும் செய்ததாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அதற்கு வைத்த வேலை இல்லை.

சாயங்காலத்துக்குள் நாய்கள் மரத்தடிக்கு வந்துவிட்டன. பறக்காத குஞ்சுகளை ஊரில் இருந்த எல்லாரும் கம்பெடுத்துக் காவல் காத்தும் காப்பாற்ற முடியவில்லை. அஞ்சலாட்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுரங்க வாசலில் போய் உட்கார்ந்தாள். குணாளனையும் அவனோடு இருந்த இரண்டு பேரையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாம்பல் இறுகிவிட்டதாம். உடம்பில்லாமல் அவன் சட்டையை வைத்துக் காரியம் செய்தோம்.

காரியத்தன்று ரெஜினா வந்தாள். நாற்காலி போட்டார்கள், அதில் உட்காராமல் அஞ்சலாட்சிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான்தான் கேட்டேன்.

"அது காதுன்னு சொன்னியே. நாங்க கொடங் கொடமா ஊத்துனது அதுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு பெரியவரே."

"கேட்டும் தாங்கல் நல்லாருக்குன்னு எப்படிச் சொல்லுச்சி? ஊத்துன தண்ணியக் கழிச்சிப் பாக்க வாணாமா?"

"கழிக்கல. மனுசங்களக் கழிக்கணும்னு நாங்க அதுக்குச் சொல்லிக் குடுக்கல, எங்களுக்கே தோணல." அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "முதல் வருசம் அது கேட்டுப் பழகினப்பவே நீங்க ஊத்திக்கிட்டுத்தான் இருந்தீங்க. மழ பேஞ்சா தவள கத்தும், மீனு பெருத்தா நார வரும், நார குஞ்சு பொரிச்சா மனுசங்க தண்ணியோட வருவாங்க. எல்லாம் தாங்கலோட பழக்கம்னு அது கத்துக்கிடுச்சு. உங்கள அது வெளியாளா நினைக்கல. நாரை மாதிரி, தவள மாதிரி, நீங்களும் அங்க வாழுற ஒரு ஜீவன். கடைசி வாரம் நீங்க ஓடி ஓடி ஊத்தினீங்கல்ல? தாங்கல் எப்பவும் இல்லாத அளவுக்கு நல்லா இருக்குன்னு அது எழுதி வச்சிருக்கு."

அஞ்சலாட்சி முதல் முறையாக வாய் திறந்தாள். "நாங்க வராம இருந்திருந்தா?"

ரெஜினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வத்துன அன்னைக்கே யந்திரம் நின்னிருக்கும்மா."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நான் அவளைப் பற்றி நம்புவது அது ஒன்றுதான்.

கோர்ட்டு மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னது. கெட்ட தாங்கலுக்குப் பதில் கம்பெனி வேறு தாங்கல் உண்டாக்க வேண்டும், அது பிழைத்தால்தான் பக்கத்துப் பகுதியில் தோண்டலாம். ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் பள்ளம் எடுத்து, களிமண் மெழுகி, எங்கள் தாங்கல் சேற்றையே வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். மரங்களை வேரோடு பெயர்த்து நட்டார்கள். அதே கேட்பானைப் பிடுங்கி அங்கே ஊன்றினார்கள். நான் ஒரு பறவையும் வராது என்றேன். இரண்டாம் வருடம் கார்த்திகையில் வந்துவிட்டன. பறவைக்கு மானம் ரோஷம் கிடையாது.

பங்குனியில் ரெஜினா ஊருக்கு வந்தாள். புதுத் தாங்கலில் எல்லாம் இருக்கிறது, மீன், நத்தை, கூடு. ஆனால் விளக்கு மட்டும் பச்சைக்கு வரவில்லை என்றாள். பழைய தாங்கலில் இருந்த ஒரு ஜீவன் இங்கே இல்லை என்று கேட்பான் சொல்கிறதாம். ஊரில் யாராவது வந்து வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினால் நல்லது, கம்பெனி வண்டி அனுப்பும்.

"இன்னொரு எழவு வுழறதுக்கு நாங்களே வந்து வெளக்கு ஏத்தணுமா?" என்றேன். "ஒருத்தரும் வர மாட்டோம். போ."

அவள் எழுந்துவிட்டாள். அஞ்சலாட்சி உள்ளேயிருந்து வந்து கேட்டாள்.

"குஞ்சு பொரிச்சிருக்கா?"

"பொரிச்சிருக்கும்மா."

"தண்ணி?"

"இறங்குது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். போகாதே என்று சொன்னேன். அவனை நினைத்துப் பார் என்று சொன்னேன். அவள் நின்று, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவனையுந்தான் நெனைக்கிறன் அண்ணே. ஊத்தலாம்னு கை தூக்குனான் இல்ல."

அவளைத் தனியாக விட முடியாமல் நானும் வண்டியில் ஏறினேன்.

புதுத் தாங்கல் பார்க்கப் பழைய தாங்கல் மாதிரியே இருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. அஞ்சலாட்சி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஊற்றினாள், மொண்டாள், ஊற்றினாள். மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு குஞ்சுகள் பார்த்தன. கம்பத்தில் விளக்கு பச்சையானது. கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்காலில் அந்தப் பழைய அதிர்வு வந்தது. எங்கேயோ தூரத்தில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ரெஜினா என் பக்கத்தில் வந்து நின்றாள். பயப்படாதீர்கள் என்றாள். "இந்தத் தடவ மாத்திட்டோம் பெரியவரே. உங்க சத்தம், நீங்க ஊத்துற தண்ணி எல்லாத்தையும் கழிச்சிட்டு மிச்சத்த மட்டும்தான் கேக்கும். நானே உக்காந்து மாத்தினேன்."

"எங்களக் கழிச்சாச்சின்னா, அவ எறங்குனப்புறம் ஏன் பச்ச வந்துச்சி?"

கேட்பான் எழுதுவதைக் காட்டும் பலகை அவள் கையில் இருந்தது, அதைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். அஞ்சலாட்சியைப் பார்த்தாள்.

"உங்களையும் சேத்துக் கேட்டுப் பழகுன பழச அது இன்னும் முழுசா மறக்கல போலிருக்கு" என்றாள். "மறந்துரும்."

"மறந்துருமா?"

"மறந்துரும் பெரியவரே."

தண்ணீருக்குள் என் தங்கை குனிந்து குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தேன். வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம் என்று பின்னால் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மறந்துவிடுமாம்.